சாம்பல் பூசிய வளைவுகள்

சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய சதுரம். அவ்வளவுதான். அதைப் பார்த்து ஒரு பெரியவர் அழுதுகொண்டிருந்தார்.

பக்கத்தில் நின்ற ரேடியோவுக்கு வாய் நமநமத்தது. அவனுக்கு வைத்த பெயரை வீட்டிலேயே மறந்து பல காலம் ஆகிறது. தூக்கத்தில்கூடப் பேசுகிறவன் என்பதால் எல்லோருக்கும் அவன் ரேடியோ. துப்பறியும் தொழிலில் உதவியாளன். எதைப் பார்த்தாலும் அதைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். ஆனால் அழுகிற மனிதரின் பக்கத்தில் நின்றுகொண்டு என்னத்தைச் சொல்வது?

"நேத்து வரைக்கும் இருந்துது தம்பி," என்றார் பெரியவர். "ஒரு பட்டன். இந்தச் சுவர் உயரத்துக்கு. நாலு ஓட்டை, ஒரு ஓட்டையில மட்டும் நூல் தொங்கும். நான் தையல்காரன். என் சர்வீஸ்ல அவ்வளவு பெரிய பட்டனைப் பாத்ததில்ல."

"அதை வெச்சுத் தெச்சா சட்டையே வேண்டாம் சார். பட்டனைப் போட்டுக்கிட்டே ஆபீஸ் போயிடலாம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். நல்ல வேளை, தையல்காரர் ஈரக் கண்ணோடு சிரித்துவிட்டார். "அவளும் இப்படித்தான் ஏதாவது சொல்லுவா," என்றார்.

அவள் என்றால் அவருடைய ஒரே மகள். தாயில்லாத பெண், அப்பா கையால் தைத்த துணி போட்டு வளர்ந்தவள். ஊரில் அவளுடைய படங்களைத் தெரியாதவர்கள் குறைவு. அவளைத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. ஒரு தெருவுக்குப் போவாள். அங்கே இருப்பவர்களிடம், 'இந்தத் தெருவுல நீங்க எதைத் தொலைச்சீங்க?' என்று கேட்பாள். யாரோ ஒருவர் சொன்ன பொருளை அந்தத் தெருச் சுவரிலேயே பெரிதாக வரைந்துவிட்டுப் போய்விடுவாள். கீழே கையெழுத்து இருக்காது. ஒற்றைக் கம்மல், ஒரு சாவி, ஒரு கறுப்புக் குடை. குடையைத் தொலைத்த தபால்காரர் இப்போதும் மழை வந்தால் அந்தச் சுவரோரம்தான் ஒதுங்குகிறாராம். நனைந்துகொண்டே நிற்பாராம்.

போன வருடம் ஒரு காலை நேரத்தில் அவள் பஸ்ஸில் அடிபட்டுச் செத்துப்போனாள். அதற்குப் பிறகு யாரோ அவள் படங்களை ஒவ்வொன்றாகச் சாம்பல் வண்ணம் பூசி மூடிக்கொண்டு வருகிறார்கள். அது யார் என்று கண்டுபிடிக்கத்தான் தையல்காரர் வக்கீலம்மாவிடம் வந்திருந்தார்.

வக்கீலம்மா கறுப்பு அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டுத் துப்பறிய வந்தவர். அங்கி போனாலும் பெயர் போகவில்லை. அவர் அந்தச் சதுரத்தை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. நகத்தால் ஒரு தடவை சுரண்டினார். பிறகு சுவருக்கு முதுகைக் கொடுத்துச் சாய்ந்து நின்று, எதிரே தெருவைப் பார்க்க ஆரம்பித்தார்.

"மேடம், படம் அந்தப் பக்கம்," என்றான் ரேடியோ.

"தெரியும். இந்தப் படம் யாரைப் பாத்துக்கிட்டு இருந்துதுன்னு பாக்கறேன்."

"யாரைப் பாத்துதாம்?"

"வளைவை. அங்கேருந்து திரும்பி வர்ற வண்டிக்கெல்லாம் நேரா மூஞ்சியில அடிக்கற மாதிரி இருக்கு இந்த இடம். சரி, நீ சொல்லு. அழிச்சவன் எப்படிப்பட்ட ஆள்?"

ரேடியோ சதுரத்தை ஏற இறங்கப் பார்த்தான். "எதிரி மேடம். இன்னொரு சுவர் ஓவியனா இருப்பான். பொறாமை."

"பொறாமைக்காரன் கிறுக்குவான். மேல தன்னோட படத்தைப் போடுவான். இவன் ஓரத்துல காகிதம் ஒட்டி, கோடு பிசகாம அடிச்சிருக்கான். கீழே ஒரு சொட்டு சிந்தல. தூங்கற பிள்ளைக்குப் போர்வை போத்தற மாதிரி மூடியிருக்கான்."

"அப்போ நகராட்சி ஆளுங்க."

"அவங்க சுண்ணாம்பை வாளியோட ஊத்திட்டுப் போயிடுவாங்க. இது பளபளங்குது பார். சுவருக்கு அடிக்கற வண்ணமே இல்ல இது. இரும்புக்கு அடிக்கறது. கையில கிடைச்சதை எடுத்துட்டு வந்திருக்கான். சுவர் வேலை அவன் தொழிலும் இல்ல."

தையல்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கண்டுபிடிச்சிடுவீங்களா அம்மா?"

"உங்க கடைக்குப் போய்ப் பேசலாம் வாங்க," என்றார் வக்கீலம்மா.

*

கடை என்றால் ஒரு மெஷின், ஒரு மேசை, துணி மாட்டும் கம்பி, உட்கார ஒரு பெஞ்சு. மூன்று பேர் உள்ளே நுழைந்ததும் நான்காவது ஆளுக்கு இடமில்லை. தையல்காரர் பழக்க தோஷத்தில் ரேடியோவின் கால்சட்டை நீளத்தைக் கண்ணாலேயே அளந்தார்.

"ஒரு விஷயம் கேக்கறேன், கோபப்படக் கூடாது," என்று வக்கீலம்மா ஆரம்பித்தார். "யார் அழிக்கறாங்கன்னு மட்டும் தெரிஞ்சுக்க நீங்க என்கிட்ட வரல. என்னமோ ஒண்ணைச் சொல்லாம வெச்சிருக்கீங்க."

தையல்காரர் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"முந்தின நாள் சாயங்காலம் கையெல்லாம் வண்ணத்தோட வந்தா அம்மா. தெச்சு முடிச்சு மாட்டி வெச்சிருந்த ஒரு வெள்ளைச் சட்டையைத் தொட்டுட்டா. மறுநாள் கல்யாணத்துக்குப் போட வேண்டிய சட்டை. எனக்குத் தலைக்கு மேல கோபம். 'நீ இருந்தா என்ன, இல்லாட்டி என்ன'ன்னு கேட்டுட்டேன்."

மெஷின் மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தபடியே பேசினார்.

"அவ ஒண்ணும் சொல்லல. சட்டையைத் துவைச்சுக் காயப் போட்டுட்டுப் படுத்துட்டா. காலையில நான் எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டா. அப்புறம் ஆள் வந்து சொல்றாங்க. தெரு கூட்டற அம்மா ஒருத்தங்கதான் தூரத்துலேருந்து பாத்தாங்களாம். தானாத்தான் ரோட்டுல இறங்குச்சு, வண்டி வர்ற பக்கம் திரும்பவே இல்லன்னு சொன்னாங்களாம். விசாரணையிலயும் ட்ரைவர் மேல தப்பில்லன்னுட்டாங்க. அப்போ யார் மேல தப்பு? வண்டி வர்றது தெரியாமலா ஒரு பொண்ணு ரோட்டுல இறங்குவா? சொல்லுங்க அம்மா. நான் சொன்ன வார்த்தைதான் அவளை இறக்கிவிட்டுது."

ரேடியோ பெஞ்சிலிருந்து எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டான். அவனுக்கும் ஒரு அப்பா இருந்தார். அவரும் அவனைப் பார்த்து அதே வார்த்தையைப் பலமுறை கேட்டிருக்கிறார். அவன் இளித்துக்கொண்டு போய்விடுவான். கேட்டவர் இப்படி ராத்திரி பகலாகச் சாவார் என்று அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"அவ வரையறதை நான் ஒரு நாளும் நின்னு பாத்ததில்ல," என்றார் தையல்காரர். "போனதுக்கு அப்புறம்தான் தெருத் தெருவாப் போய்ப் பாத்தேன். அவ அடிபட்ட வளைவுக்கு மட்டும் போகல. கால் வரல. மத்ததெல்லாம் பாத்தேன். இப்போ அதையும் ஒருத்தன் மூடிக்கிட்டே வர்றான். அவ இருந்தான்னு சொல்ல எனக்கு வேற என்ன இருக்கு?"

வக்கீலம்மா எழுந்தார். "மூடின படம், மூடாத படம் எல்லாம் எந்தெந்தச் சுவர்ல இருக்குன்னு சொல்லுங்க," என்றார்.

*

அன்று முழுக்க அவர்கள் நடந்தார்கள். ரேடியோவின் வாயும் காலும் போட்டி போட்டுக்கொண்டு புலம்பின. ஒவ்வொரு சுவரிலும் வக்கீலம்மா முதுகைக் கொடுத்து நின்றார். கண்டக்டர் ஒருவர் தொலைத்த விசிலைப் பார்க்க ஒரு கூட்டமே நின்றிருந்தபோது அந்தக் கூட்டத்துக்கு எதிரே திரும்பி அவர் மட்டும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு குழந்தை அவரையே படமோ என்று பார்த்தது.

மறுநாள் மதியம் ஒரு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அவர் கணக்கை முடித்தார்.

"மூடின சுவர் எல்லாமே வளைவுல இருக்கு. நேர் ரோட்டோரம் இருக்கற படம் ஒண்ணைக்கூட யாரும் தொடல. அந்த விசில், குடை, கம்மல் எல்லாம் பத்திரமா இருக்கு. வளைவுலயும் ஒரு திசையிலேருந்து வர்றவன் கண்ணுல படறதை மட்டும்தான் மூடியிருக்கான். எதிர்த் திசையைப் பாத்தது தப்பிச்சிருக்கு. ஒருத்தன் தினமும் போறான், ஆனா அதே வழியில திரும்பி வரலன்னா என்ன அர்த்தம்?"

"திரும்பி வரும்போது தூங்கிடறான்."

"ரேடியோ."

"சரி, சரி. வட்ட பஸ்." அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஊரைச் சுற்றிச் சுற்றி வரும் பஸ் அது. ஒரே திசையில்தான் ஓடும். "அதுல தினமும் போற பயணி யாரோ ஒருத்தன்!"

"அப்படித்தான் நானும் நெனைச்சேன். வா, ஏறிப் பாப்போம். நீ ஜன்னலோரம் உக்காந்து என்னென்ன படம் தெரியுதுன்னு சொல்லு."

பஸ் வந்தது. ரேடியோ ஜன்னலைப் பிடித்தான். வக்கீலம்மா முன்னால் போய், ட்ரைவருக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்து நின்றார். கம்பி சாம்பல் நிறத்தில் பளபளத்தது. அவர் அதை நகத்தால் மெதுவாகச் சுரண்டினார்.

கொஞ்ச நேரத்துக்கு ரேடியோவுக்கு நல்ல பொழுதுபோக்கு. "கம்மல்! மேடம், கம்மல் தெரியுது. விசில்! குடை! அடடா, குடைக்குக் கீழே தபால்காரர்கூட நிக்கறார், வெயில்லயும் நிக்கறார் மனுஷன்!" ஜன்னல் வழியே அந்தப் பெண் வரைந்த ஊர் முழுக்க அப்படியே இருந்தது. முன்னால் நின்ற வக்கீலம்மாவோ வாயே திறக்கவில்லை. அவர் பார்த்த பெரிய முன் கண்ணாடியில் ஒவ்வொரு வளைவிலும் ஒரு சாம்பல் சதுரம் எழுந்து வந்து, பெரிதாகி, நழுவிப் போனது.

அடுத்த வளைவில் திரும்பியதும் பஸ் அப்படியே குத்திக்கொண்டு நின்றது.

ரேடியோ முன் சீட்டைத் தாண்டிப் போய் ஒரு அம்மாளின் காய்கறிப் பையில் விழுந்தான். தக்காளிகள் பஸ் முழுக்க ஓடின. யாரோ அலறினார்கள். எதிரே ரோட்டில் மனிதனோ மாடோ எதுவும் இல்லை. வெற்று ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சுவர். சுவரில் ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு கால் உடைந்தது, வீட்டு வாசல் அகலத்துக்கு.

"இந்த ட்ரைவர் போன வருஷத்துலேருந்து இப்படித்தான்," என்று தக்காளி அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "நடுவுல ரெண்டு நாள் ஒழுங்கா ஓட்டினான். மறுபடி ஆரம்பிச்சுட்டான்!"

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகரவில்லை. மறுபடி அடித்தார். ட்ரைவர் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை அந்த மூக்குக் கண்ணாடியை விட்டு அகலவில்லை.

இறங்கியதும் ரேடியோ சட்டையிலிருந்து தக்காளி விதையைத் தட்டினான். "இந்தப் படம் நேத்து இல்லையே மேடம். இங்க சோப்பு விளம்பரத் தட்டி ஒண்ணு இருந்துதே."

"தட்டிக்குப் பின்னால படம் இருக்குன்னு தையல்காரர் சொன்னார். கடைக்காரர்கிட்ட பேசி இன்னிக்குக் காலையில கழட்ட வெச்சேன். புதுசா ஒரு படம் தெரிஞ்சா மூடறதுக்கு ஆள் வருவான், பிடிக்கலாம்னு இருந்தேன்."

"வலையை அவனுக்கு விரிச்சீங்க, விழுந்தது நானு."

வக்கீலம்மா சிரிக்கவில்லை. "பஸ் இப்படி நிக்கும்னு எனக்குத் தோணல. யாருக்காவது அடிபட்டிருந்தா நான்தான் பொறுப்பு." போகிற பஸ்ஸின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜன்னல்ல படமெல்லாம் இருக்கு. முன் கண்ணாடியில மட்டும் எல்லாம் சாம்பல். பஸ்ஸுல முன்னால பாத்துக்கிட்டே போறது ஒரே ஒரு ஆள்தான் ரேடியோ. அவளை அடிச்சதும் இதே வட்ட பஸ்தான்னு விசாரணைத் தாள்ல பாத்தேன்."

ரேடியோவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அடப்பாவி. கொன்னதும் இல்லாம, அவ போட்ட படத்தையும் அழிக்கறானா?"

*

டிப்போவின் ஓய்வறையில் ட்ரைவர் தனியாக உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். எதிரே டீ ஆடை கட்டிப்போய்க் கிடந்தது. மூலையில் பஸ் கம்பிகளுக்கு அடிக்கும் சாம்பல் வண்ண டப்பாக்கள் அடுக்கியிருந்தன. வக்கீலம்மா அவற்றைப் பார்த்தார். ட்ரைவர், அவர் பார்ப்பதைப் பார்த்தார். அதற்கு மேல் கேள்வியே தேவைப்படவில்லை.

"நான்தான் மேடம்," என்றார். "லீவு நாள்ல போய் அடிப்பேன். யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு அடிச்சா எவனும் ஏன்னு கேக்கமாட்டான்."

"ஏன்யா?" ரேடியோவால் பொறுக்க முடியவில்லை. "அந்தப் பொண்ணு மேல அப்படி என்ன கோபம் உங்களுக்கு?"

"கோபமா?" ட்ரைவர் அவனை விநோதமாகப் பார்த்தார். "அந்தப் படம் கண்ணுல பட்டா கால் தானாப் பிரேக்குக்குப் போயிடுது தம்பி. நான் மிதிக்கல, அதுவா மிதிக்குது. ஒரு தடவை ஒரு பெரியவர் விழுந்து கை ஒடிஞ்சுது. அதுக்கப்புறம்தான் ஒண்ணொண்ணா மூடினேன். சைடுல இருக்கறதெல்லாம் பரவாயில்ல, திரும்பாம போயிடுவேன். நேரா வந்து நிக்கறதை என்ன பண்ண?"

"வேற ரூட் கேட்டிருக்கலாமே?" என்றார் வக்கீலம்மா.

"கேட்டா குடுத்திருப்பாங்க. ஆனா வேற ஒருத்தன் அந்த வளைவுல வேகமாப் போவான். அதை என்னால தாங்க முடியாது. எனக்கு ஓடிப்போகவும் தெரியல, பாத்துக்கிட்டு இருக்கவும் தெரியல."

ரேடியோ வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். தெருவெல்லாம் தேடி அலைந்தது இந்த ஆளையா என்று இருந்தது. சட்டையைப் பிடித்து உலுக்க வந்தவனுக்கு, அந்த ஆறிப்போன டீயை எடுத்துக் கொட்டிவிட்டு வேறு டீ வாங்கித் தரலாமா என்று தோன்றியது.

"அன்னிக்கு என்னதான் நடந்துது?" வக்கீலம்மா கேட்டார்.

"விசாரணையில சொன்னேனே. திடீர்னு ரோட்டுக்கு வந்துட்டாங்கன்னு."

"அது கம்பெனி வக்கீல் சொல்லச் சொன்னது. நானும் அந்தத் தொழில்ல இருந்தவதான்."

ட்ரைவர் ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்தார். பிறகு, "மிச்சத்தைச் சொல்லணும்னா அவங்க அப்பாகிட்டதான் சொல்லணும்," என்றார். "அடிச்சாலும் சரி. கூட்டிட்டு வாங்க."

*

அவள் அடிபட்ட வளைவில் ஒரு பூட்டிக் கிடந்த கிடங்கு. அதன் சுவரில் எல்லாவற்றிலும் பெரிய சாம்பல் சதுரம். முதலில் மூடப்பட்டது அதுதான். நடைபாதை ஓரத்தில் தையல்காரர் வக்கீலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ட்ரைவர் கொஞ்சம் தள்ளி, யூனிஃபார்ம் இல்லாமல், தொப்பியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் யார் என்று வரும் வழியிலேயே சொல்லியாகிவிட்டது.

தையல்காரர் அவரை அடிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவ தானா வந்து விழுந்தாளா?"

"ஐயையோ, இல்லீங்க ஐயா!"

"பொய் சொல்லாதீங்க. எனக்கு ஆறுதல் வேண்டாம்."

"ஆறுதல் சொல்ற யோக்கியதை எனக்கு இல்லீங்க." ட்ரைவர் சுவரைக் காட்டினார். "என் பஸ் வட்டமாச் சுத்தும். ஒரு சுத்து முடிச்சு வர்றதுக்குள்ள உங்க பொண்ணு இங்க கொஞ்சம் வரைஞ்சிருக்கும். அன்னிக்கு முதல் சுத்துல வெறும் கோடுதான் இருந்துது. என்னடா இது, படகான்னு நெனைச்சுக்கிட்டே போனேன். அடுத்த சுத்துல பாத்தா செருப்பு. ஒத்தைச் செருப்பு! எனக்குச் சிரிப்புத் தாங்கல. காலங்கார்த்தால வண்டியில ஆளே இல்ல, தனியாச் சிரிச்சேன். அவ போட்ட படம் எல்லாமே நான் அப்படித்தான் பாத்தேன் ஐயா. சுத்துக்குச் சுத்து, கொஞ்சம் கொஞ்சமா. எனக்கு அதுதான் அந்த வேலையிலயே இருந்த ஒரே சந்தோஷம்."

அவர் தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"அடுத்த சுத்துல என்ன கலர் அடிச்சிருக்கும்னு ஆசையாத் திரும்பினேன். ரோட்டைப் பாக்கல. சுவரைத்தான் பாத்தேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்தப் பொண்ணும் சுவரைத்தான் பாத்துக்கிட்டு இருந்துது. கையில பிரஷ். தலையை ஒரு பக்கம் சாய்ச்சு, ஒரு கண்ணை மூடிக்கிட்டு, படம் முழுசாத் தெரியணும்னு ஒரு அடி பின்னால வெச்சுது. பத்தல போல. இன்னொரு அடி வெச்சுது. நடைபாதை முடிஞ்சது அதுக்குத் தெரியல. நான் பாத்தப்போ நேரம் தாண்டிடுச்சு. நாங்க ரெண்டு பேருமே அந்தச் செருப்பைத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம் ஐயா."

வக்கீலம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரிய சுவரில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான் அது. அருகில் நின்றால் வண்ணம்தான் தெரியும், படம் தெரியாது. பார்க்க வேண்டுமென்றால் பின்னால் போகத்தான் வேண்டும். தெரு கூட்டிய அம்மாள் பொய் சொல்லவில்லை. தானாகத்தான் ரோட்டில் இறங்கியிருக்கிறாள்.

"அப்போ..." தையல்காரர் வார்த்தையைத் தேடினார். "அப்போ அவ என்னைப் பத்தி நெனைக்கவே இல்லையா?"

"செருப்பைப் பத்தித்தான் நெனைச்சிருப்பா," என்றார் வக்கீலம்மா.

"யார் செருப்பு?"

"தெரியலீங்க," என்றார் ட்ரைவர்.

தையல்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அவர் அதை மறைக்கவும் இல்லை. "நான் சொன்னதை அவ அன்னிக்கே துவைச்சுக் காயப் போட்டுட்டா," என்றார். "நான்தான் வருஷம் பூரா உடுத்திக்கிட்டுத் திரிஞ்சேன்."

அழுது முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ட்ரைவரின் பக்கம் திரும்பினார். ட்ரைவர் அடிக்குக் காத்திருப்பவரைப் போலத் தலையைக் குனிந்தார்.

"பெத்தவன் நான். ஒரு நாளும் நின்னு பாக்கல," என்றார் தையல்காரர். "நீங்க பாத்திருக்கீங்க. எனக்கு அதைக் கொஞ்சம் காட்டுங்க தம்பி."

"மூடிட்டேனே ஐயா..."

"வாயால சொல்லுங்க போதும். எங்க நின்னா?"

ட்ரைவர் ரோட்டில் ஓர் இடத்தைக் காட்டினார். தையல்காரர் சுவரைப் பார்த்தபடியே நடைபாதையிலிருந்து பின்னால் இறங்கினார். ட்ரைவர் ஓடிப்போய் ரோட்டின் நடுவில் நின்று, வளைவின் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் அகல விரித்தார். ஒரு வேன் நின்றது. அதன் பின்னால் ஒரு கார் நின்றது. ரேடியோவும் போய் அவர் பக்கத்தில் கை விரித்து நின்றான்.

"குதிகால் அந்த மூலையிலங்க," ட்ரைவர் திரும்பிப் பார்க்காமலே உரக்கச் சொன்னார். "விரல் பக்கம் இந்தப் பைப்பு வரைக்கும் வரும். தேஞ்சுபோன செருப்பு, கட்டை விரல் பதிஞ்ச குழிகூடத் தெரியும். ரெண்டு வார். ஒண்ணுதான் அடிச்சு முடிச்சிருந்தா. பச்சை."

தையல்காரர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சாம்பல் சுவரைப் பார்த்தார். வேன்காரன் ஹார்ன் அடித்தான். யாரும் நகரவில்லை.

"இன்னொரு வாரும் பச்சையாத்தான் அடிச்சிருக்கும்," என்றார் ட்ரைவர்.

"அடிச்சிருக்கமாட்டா," என்றார் தையல்காரர். "எனக்குத் தெரியும். அவ சட்டைக்குப் பட்டனையே ஒரே கலர்ல வைக்க விடமாட்டா."